ஆள் வைத்து ஏலம் கேட்பது திருட்டே!

"ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று கூவும் ஏலத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொருளுக்குடையவன் தன் மைத்துனனையே கூட்டத்தில் நிறுத்தி விலையை ஏற்றுவதையும் பார்த்திருக்கிறோம். இன்று அந்த மைத்துனன்கூட வேண்டியதில்லை. கைபேசியில் நடக்கும் இணைய ஏலத்தில், விற்பவனே வேறொரு பெயரில் நுழைந்து தன் பொருளைத் தானே கேட்கிறான்!

இது கற்பனையல்ல. பிரிட்டனில் மினிபஸ் தொழில் நடத்திய ஒருவர், ஈபே இணைய ஏலத்தில் ஒரு வண்டியை விற்க வைத்தார். இன்னொரு பெயரில் அதைத் தாமே கேட்டு விலையை உயர்த்தினார். 2010-ல் பிராட்போர்டு கோர்ட், 250 மணி நேரம் ஊதியமின்றிப் பொது வேலை செய்யவும் 5,000 பவுண்டு கட்டவும் அவருக்கு உத்தரவிட்டது. இக்குற்றத்துக்காக அந்நாட்டில் நடந்த முதல் வழக்கு அதுவே.

"யார் உன்னைக் கேட்கச் சொன்னது? நீயாகத்தானே விலையைக் கூட்டினாய்?" என்று சில கனவான்கள் வாதிக்கிறார்கள். நியாயம்போலத் தோன்றும் இந்த வாதம் பொய்! இன்னொருவனும் இவ்வளவு தரத் தயாராயிருக்கிறான் என்று நம்பித்தான் ஒருவன் அடுத்த நூறைச் சேர்க்கிறான். அந்த இன்னொருவனே இல்லையென்றால்? ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கு 20,000 ரூபாயில் முடிய வேண்டிய ஏலம் 24,000-ல் முடிந்தால், அந்த 4,000 ரூபாய் யாருடைய வியர்வை? எத்தனை நாள் கூலி?

நம் நாட்டுச் சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 1930-ம் வருஷத்திய சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தானும் கேட்பதாக விற்பவன் முன்கூட்டியே அறிவிக்காமல், தானோ ஆள் வைத்தோ கேட்பது சட்டவிரோதம். விலையை ஏற்றப் பொய்க் கேள்வி கேட்டால், வாங்கியவன் அந்த விற்பனையையே ரத்துச் செய்யலாம்.

சட்டம் சரி, ஆனால் நிரூபிப்பது யார்? ஏமாந்தவன்தான்! எதிரே கேட்டவன் யாரென்று அவனுக்குத் தெரியாது. பெயர்களை மறைத்து வைத்திருப்பது ஏலக் கம்பெனி. விலை ஏறினால் கமிஷனும் ஏறுமென்றால், கள்ளனைப் பிடிக்க அந்தக் கம்பெனிக்கு என்ன அவசரம்? பொய்க் கேள்வி கூடாதென்று விதியில் எழுதி வைத்தால் மட்டும் போதுமா?

ஆகவே, புகார் வந்தால் கேட்டவர்களின் விவரத்தைச் சோதித்துக் காட்டும் பொறுப்பை, கம்பெனியின் தலையில் சட்டம் சுமத்த வேண்டும். அதுவரை, உழைப்பாளித் தோழர்களே, உச்ச விலையை முன்பே முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் ஏறாதீர்கள். ஏமாந்தால் வெட்கப்பட்டு மௌனமாக இராதீர்கள். ஏலப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துப் புகார் செய்யுங்கள். போராடிப் பெற்ற கூலியைக் கள்ளக் கேள்விக்குப் பறிகொடுக்கலாமா?