உறங்கு பையும் மூன்று எண்களும்

மன்னாரில் மார்கழி வாடைக்கும் ஒரு பருத்திப் போர்வை போதும். அதனாலேதான், இரு ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் ஹோர்ட்டன் சமவெளியிற் கூடாரமடித்துத் தங்கச் சென்றபோது நாம் ஏமாந்தோம். ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்திலுள்ள அவ்விடத்தில், சனவரி, பெப்ரவரி இரவுகளிற் புல்மீது உறைபனி படிவதுண்டு. நாம் வாங்கிய உறங்கு பைகளிலே ‘0 பாகை’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அதனை நம்பினோம். நள்ளிரவில் ஒரு மாணவனுக்குப் பற்கள் தந்தியடித்தன. விடியும்வரை அவனை இருவருக்கு நடுவே கிடத்தி, உறங்காது காத்திருந்தோம்.

பின்னரே விளங்கிற்று. தரமான பைகளின் சீட்டில் மூன்று எண்கள் உண்டு. முதலாவது, சுகமாக உறங்கத்தக்க வெப்பநிலை. இரண்டாவது, உடலைக் குறுக்கி ஒருவாறு உறங்கும் எல்லை. மூன்றாவது, உயிர்தப்புவதற்கு மட்டும். நம் பையிற் பெரிதாக நின்றது மூன்றாவது! வாங்குவோர் முதலாவதையே பார்த்தல் வேண்டும். அது பூச்சியத்திற்குச் சற்றுக் கீழாயிருப்பின் நன்று.

பை தானாகச் சூடு தருவதில்லை. அதனுள் அடைபட்ட காற்றே உடற்சூட்டைக் காக்கிறது. முதுகின்கீழ் நசுங்கிய பஞ்சிற் காற்று ஏது? ஆகவே தடித்த நுரைப்பாய் ஒன்றும் வேண்டும். நம்மூர்ப் பனையோலைப் பாய் மணலுக்குத்தான் சரி. வாத்தின் மென்சிறகு அடைத்த பை இலேசானது. நனைந்தாலோ சூட்டைக் காவாது. மலைநாட்டு மழைக்கும் மூடுபனிக்கும் செயற்கை நாரே ஏற்றதென்பது நம் எண்ணம். விலையும் குறைவு.

அம்மாணவன் இவ்வாண்டும் வருகிறான். பை நனையாதிருக்கத் தடித்த பொலித்தீன் உறையொன்றை இப்போதே தேடி வைத்துவிட்டானாம்.