பாதத்தை அறியாத அளவெண்

பாலே என்னும் ஐரோப்பிய நடனத்தைச் சில வருஷங்களாகப் பயின்று வரும் தன் மகளுக்கு, கால்விரல் நுனியில் நிமிர்ந்து நின்று ஆடுவதற்கென்றே செய்யப்படுகிற பாயிண்ட் ஷூ என்ற காலணியை முதன்முதலாக வாங்கும் கட்டம் வந்துவிட்டதென்றும், எந்தக் கம்பெனியுடையதை எந்த எண்ணில் வரவழைக்கலாம் என்றும் கேட்டு, பெங்களூரில் வசிக்கும் என் அண்ணன் மகள் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினாள். ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில், பாத வடிவ அச்சுக்கட்டைகளை வைத்துக்கொண்டு அளவு பார்ப்பதிலேயே உத்தியோக காலத்தைக் கழித்துவிட்டு, ஓய்வுக்குப் பின் கல்வராயன் மலையிலுள்ள இந்த வெள்ளிமலையில் வந்து தங்கியிருப்பவன் என்பதனால் என்னைக் கேட்டாள். கம்பெனியின் பெயரையும் ஓர் எண்ணையும் சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயம் அன்று இது. வளரும் பெண் குழந்தையின் எலும்பைப் பற்றியது ஆகையால், அவளிடம் சொன்னதையும் சொல்ல அவகாசமில்லாமற் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மரத்தால் காலை உயர்த்திக்கொண்டு ஆடுவது தமிழருக்குப் புதிதன்று. பாம்பும் தேளுமாக வஞ்சித்து வந்த அவுணர்களை மிதித்து அழிக்க மாயவள் ஆடியதாகச் சொல்லப்படும் மரக்காலாடல், சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிக் காட்டிய பதினோர் ஆடல்களுள் ஒன்று. தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை ஆடுகிறவர்கள் இன்றும் கட்டைமேல் நின்றுதான் ஆடுகிறார்கள். ஆனால் பொய்க்கால் ஆடுகிறவர்களுக்குப் பாதம் கட்டையின்மேல் படிந்து நிற்க ஓர் இடமுண்டு. பாலே நர்த்தகிக்கு அது இல்லை. 1832-இல் பாரிஸ் நகரில் 'லா சில்ஃபீட்' என்ற நாட்டியத்தில் மரீ தாக்லியோனி நுனிவிரலில் ஆடிப் பெரும்புகழ் பெற்றபோது அணிந்திருந்தது, நுனியிலும் ஓரத்திலும் நூலோட்டிச் சற்றே உரமேற்றிய மெல்லிய சாட்டின் செருப்புத்தான். அவளைத் தாங்கியவை அவளுடைய விரல்களும் அப்பியாசமுமே. இக்காலத்துக் காலணியில், துணியையும் காகிதத்தையும் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டி உலர்த்தி இறுகச் செய்த பெட்டி ஒன்று விரல்களைச் சூழ்ந்திருக்கிறது. அதன் நுனி, நிற்பதற்கு இசைவாகத் தட்டையாக்கப்பட்டிருக்கிறது. உள்ளங்காலின் அடியில் ஷாங்க் என்னும் விறைப்பான தகடு ஓடுகிறது. பலர் நினைப்பதுபோல உள்ளே மரக்கட்டை எதுவும் கிடையாது.

நர்த்தகியின் சரீர பாரத்தை அந்தத் தட்டையான நுனிதான் தாங்குகிறது என்று பார்ப்பவர்கள் எண்ணுவது இயல்பே. ஆயினும் பொருத்தமான காலணியில் பாரத்தின் பெரும் பங்கை ஏற்பது, விரல்களின் அடிமூட்டுகளை இரு பக்கமும் அணைத்துப் பிடித்திருக்கும் பெட்டியின் சுவர்களும், உள்ளங்கால் வளைவோடு ஒட்டி நிற்கும் ஷாங்க்குமே ஆகும். பெட்டி அகன்றுவிட்டால் பாதம் அதற்குள் சரிந்து இறங்கி, பாரம் முழுவதும் பெருவிரலின் நகத்தின்மேல் விழும். நகம் கறுத்துப்போவது அதனால்தான். பெட்டி குறுகிவிட்டாலோ விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பெருவிரலின் அடிமூட்டு வெளிப்புறமாகப் புடைக்கத் தொடங்கும். ஆகவே இந்தக் காலணியில் முதலில் பார்க்க வேண்டியது நீளமன்று, அகலம். அகலத்துக்கு அடுத்தபடி விரல்களை மூடும் மேற்பகுதியின் உயரம்: குட்டையாக இருந்தால் வளைவு மிகுந்த பாதம் முன்னே பிதுங்கி வழியும், நெட்டையாக இருந்தால் தரையிலிருந்து நுனிக்கு ஏறும்போது பாதம் மடங்க இடமிராது. நீளம் இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

அகலத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்கு நான் இருக்கும் ஊரும் ஒரு காரணம். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களில் வயதானவர்கள், கடுக்காய் பொறுக்கவும் கொல்லை வேலைக்கும் வெறுங்காலோடு நடந்து ஆயுளைக் கழித்தவர்கள். அவர்களுடைய பாதங்களில் ஐந்து விரல்களும் விசிறியாக விரிந்து தனித்தனியே மண்ணைப் பற்றி நிற்பதைத் தொழில் காரணமாகவே நான் வியந்து பார்ப்பதுண்டு. பெஞ்சமின் ஜோசப்பும் உதய பாஸ்கர ராவும் கர்நாடகத்தில் 2,300 குழந்தைகளின் கால்தடங்களை எடுத்து ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரையில், செருப்பணியாத குழந்தைகளிடையே நூற்றுக்கு 2.8 பேருக்கும், காலணி அணிந்து வளர்ந்தவர்களிடையே 8.6 பேருக்கும் தட்டைப்பாதம் இருந்ததாகக் கண்டார்கள். முன்புறம் மூடிய ஷூவே மிகுந்த கெடுதி என்பதும் அவர்கள் முடிவு. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை தேசம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்து, இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று நிறுவி, 'பா' என்ற பெயரில் எட்டு அளவுகள் கொண்ட தனி முறையொன்றைத் தயாரித்திருக்கிறார்கள். இத்தனை காலமும் நாம் பிரிட்டிஷ் எண்களைக் கொண்டே வாங்கி வந்தோம். அகலம் போதாதபோது நீளத்தில் ஓர் எண் கூட்டி வாங்கிச் சமாளித்தோம். சாதாரண ஷூவில் அந்த உபாயம் செல்லலாம். பாயிண்ட் ஷூவில் அது நேராக விபத்தில் கொண்டுபோய் விடும்.

என் அண்ணன் மகளும் அதே வழியில்தான் யோசித்திருந்தாள். "வளர்ற புள்ள சித்தப்பா, ஒரு நம்பர் பெருசா வாங்கிட்டா அடுத்த வருஷமும் ஆகுமே, விலை வேற கொஞ்சமா இல்ல" என்றாள். பள்ளிக்கூடத்து ஷூ வாங்கும் ஒவ்வொரு தாயின் நியாயமும் இதுதான்; செலவு செய்கிறவளின் கஷ்டத்தையும் நான் அறிவேன். "வளர எடம் விட்டா பாதம் உள்ள நகரும்மா, நகர்ந்தா கணுக்கால் பெரளும், இன்னைக்கு இருக்கிற காலுக்கு வாங்கு" என்று மட்டும் அப்போது சொன்னேன். செய்ய வேண்டிய முறையை இப்போது சொல்கிறேன். குழந்தையைக் கடைக்கு நேரில் அழைத்துப்போக வேண்டும், அதுவும் பாதம் சற்றே வீங்கியிருக்கும் பிற்பகலில். விரல்களுக்குச் சுற்றிக்கொள்ளும் கம்பளி உரோமமோ மெத்தையோ எதுவானாலும் அதையும் உடன் கொண்டுபோய் அணிந்துதான் பார்க்க வேண்டும். தரையில் நிற்கையில் விரல்கள் மடங்காமல் நீண்டு பெட்டியின் முடிவைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கித் தாழும்போது இலேசாக அழுத்த வேண்டும், வலிக்கக் கூடாது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு காலின் நுனியில் ஏறும்போது குதிகாலில் இரு விரலால் கிள்ளி எடுக்கும் அளவே சாட்டின் துணி தளர வேண்டும். இந்தக் காலணியில் இடம் வலம் என்ற பேதம் வழக்கமாக இல்லையாயினும் மனிதர் எவருக்கும் இரு பாதங்களும் ஒத்திருப்பதில்லை. பெரிய பாதத்துக்கு வாங்கிச் சிறிய பாதத்துக்கு மெத்தை சேர்ப்பதே முறை. ஆசிரியை பார்த்துச் சரி என்று சொல்லும் வரையில் நாடாவைத் தைக்கக் கூடாது, தைத்த காலணியைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். இணையத்தில் எண்ணைப் பார்த்து வரவழைப்பதை, முதல் காலணி விஷயத்திலாவது, நான் அடியோடு மறுக்கிறேன்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு வயதுக்கு முன் நுனியில் ஏற்றக் கூடாது என்பது நடனத்தோடு சம்பந்தப்பட்ட மருத்துவர்களின் பொதுவான அபிப்பிராயம். வயது நிரம்பினாலும் கணுக்காலும் இடுப்பும் பலப்பட்டிருப்பதை ஆசிரியை பார்த்துச் சொல்ல வேண்டும். நம் பெண் குழந்தைகளின் பாத வளர்ச்சி பதினோராம் வயதில் உச்சத்தை அடைகிறது என்று மேற்சொன்ன தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அளவெடுப்பிலும் தெரிய வந்திருக்கிறது. அந்தப் பருவத்தில் அவசரப்படுகிற ஆசிரியர் எவ்வளவு கீர்த்தி பெற்றவராயினும் குழந்தையை அவரிடமிருந்து அழைத்து வந்துவிடுவதே நல்லது.

காலுக்கு ஏற்றபடி காலணியை மாற்றிக்கொள்வது உயர்ந்த கலைஞர்களே கைக்கொண்ட வழி. ரஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் உள்ளங்கால் வளைவு அளவுக்கு மீறி உயர்ந்தது. கிடைத்த காலணி அதைத் தாங்கவில்லை என்று கண்டு, அடியில் கெட்டித் தோல் வைத்து, நுனியைத் தட்டித் தமக்கேற்பத் திருத்திக்கொண்டார். அதைக் கள்ளத்தனம் என்று தூற்றியவர்களும் இருந்தார்கள். இன்று எல்லோரும் அணிவது அவர் திருத்திய வழியில் வந்ததே. நம் ருக்மிணி தேவி 1920-களின் இறுதியில் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் பாவ்லோவாவுடன் சிநேகம் பூண்டு, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். உன் தேசத்துக் கலையை நாடு என்று பாவ்லோவா சொன்ன புத்தியின் பலன் நமக்குத் தெரியும். ருக்மிணி தேவி 1936-இல் நிறுவிய கலாக்ஷேத்திரத்தில் ஆடும் கால்களுக்குச் சதங்கையன்றி வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆகையால் நர்த்தகியின் பாதரட்சையைப் பற்றி யோசிக்கும் நிர்ப்பந்தம் நம்மவர்க்கு நேர்ந்ததே இல்லை.

இப்போது நேர்ந்திருக்கிறது. மும்பையில் துஷ்னா டல்லாஸ் அம்மையார் 1966-இல் தொடங்கிய பள்ளிக்குப் பிறகு, பெருநகரங்களில் பாலே கற்கும் குழந்தைகள் பெருகி வருகிறார்கள். 1929-இல் லண்டனில் ஏற்பட்ட ஃபிரீட் என்ற பாயிண்ட் ஷூக் கடையில் ஒவ்வொரு கைவினைஞரும் தாம் செய்த காலணியின் அடியில் தமக்குரிய முத்திரையைப் பதிக்கிறார். அகலம் எக்ஸ் என்னும் குறிகளால் பிரித்துக் காட்டப்படுகிறது. நர்த்தகிகள் தமக்கு இசைந்த கைவினைஞரை விட்டு எளிதில் மாறுவதில்லை. அத்தகைய தொழில் நம்மால் ஆகாததன்று. இந்த மலையிலிருந்து இறங்கும் கடுக்காய், தோல் பதனிடும் சரக்குகளுள் பழமையானது. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டையில் தைவானின் பௌ சென் நிறுவனம் ரூ. 2,302 கோடி முதலீட்டில் காலணித் தொழிற்சாலை அமைக்க 2023-இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்திருக்கிறது. நம் பெண் குழந்தைகளின் பாத அளவுகள் அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் கணினிகளில் இருக்கின்றன. அந்த அளவுகளைக் கொண்டு பன்னிரண்டு வயது இந்தியச் சிறுமியின் அகன்ற முன்பாதத்துக்கு ஏற்ற பாயிண்ட் அச்சுக்கட்டை ஒன்றைக் கடைந்து, காலணி செய்கிறவர்கள் கேட்டபோது கொடுக்கும்படி அந்நிலையத்தாரை வேண்டிக்கொள்கிறேன்.