நடைபாதையில் கூடாது... சரி, பிறகு எங்கே?

2019 நவம்பர் 4-ம் தேதி இரவு வரை சிங்கப்பூரில் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டுவது சட்டப்படி சரி. மறுநாள் விடிந்தபோது அதுவே குற்றம்! 2,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை. அந்த ஆண்டு முடியும்வரை எச்சரிக்கை, 2020 ஜனவரியிலிருந்து கண்டிப்பு என்றார்கள். ஒரே இரவில் மாறியது எது? வண்டியா? ஓட்டியவரா? பாதையா? மூன்றும் இல்லை. விதி மட்டும்தான் மாறியது.

அந்தத் தடை தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஸ்கூட்டர் ஒரு விநாடியில் சுமார் 7 மீட்டர் கடந்துவிடும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். அந்தக் கணக்கில், 10 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதைவிட 25 கிலோமீட்டரில் மோதுவது ஆறு மடங்குக்கும் மேல் கொடியது. புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து மார்க்கெட் பையோடு பாதைக்கு வரும் பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை. பயமில்லாமல் நடந்தால் போதும். அது அவருடைய உரிமை. 2019 செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டரோடு மோதி, சைக்கிளில் சென்ற 65 வயது மாது உயிரிழந்தார். அதற்குப் பிறகும் "கொஞ்சம் பார்த்து ஓட்டினால் போதும்" என்று பேசுவது அநியாயம்.

ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. அந்த வண்டிகளை நடைபாதையில் ஏற்றிவிட்டது யார்?

சட்டம்தான்! 2018 மே மாதம் நடப்புக்கு வந்த சட்டம் நடைபாதையில் 15 கிலோமீட்டர் வேகம்வரை அனுமதித்தது. 2019 பிப்ரவரியில் அது 10 ஆனது. நவம்பரில் பூஜ்ஜியம். வண்டியின் அகலம் 70 சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்றது அதே சட்டம். பல இடங்களில் நடைபாதையின் அகலமே ஒன்றரை மீட்டர்தான். எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தாலே பாதை நிறைந்துவிடும். நடுவில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வரும் தாய் எங்கே ஒதுங்குவார்? இது விபத்துக்குப் பிறகு கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா? ஓர் அளவு நாடா போதுமே!

"சிலர் கண்மூடித்தனமாக ஓட்டினார்கள், எல்லோரும் அனுபவிக்கிறார்கள்" என்பது வழக்கமான பதில். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கார் ஓட்டுபவர்களில் சிலர் கண்மூடித்தனமாக ஓட்டினால் சாலையையா மூடுகிறார்கள்? ஓட்டியவரைப் பிடிக்கிறார்கள். மின்ஸ்கூட்டருக்கு அது ஏன் பொருந்தவில்லை? விதிக்குக் கட்டுப்பட்டு ஓட்டியவரும் அந்தக் குறுகிய பாதையில் ஆபத்தாகவே இருந்தார் என்பதுதான் காரணம். அப்படியானால் பிழை ஆளிடம் மட்டும் இல்லை. நடப்பவரையும் விரைபவரையும் ஒரே பாதையில் கலந்துவிட்ட திட்டத்தில்தான் பெரும் பிழை.

திட்டம் போட்டவர்களின் பிழைக்கு விலை கொடுத்தது யார்? சட்டத்தை நம்பி, கைக்காசைப் போட்டு வண்டி வாங்கிய உணவு விநியோக ஊழியர்கள். சுமார் 5,500 கிலோமீட்டர் நடைபாதை ஒரே நாளில் மூடப்பட்டது. எஞ்சியது சுமார் 440 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. சாலையில் ஏற்கெனவே தடை. சைக்கிள் பாதை சாப்பாட்டுக் கடை வாசலில் தொடங்கி வாடிக்கையாளரின் வீட்டு வாசலில் முடிவதில்லையே! அவர்கள் கொதித்தெழுந்த பிறகு, வேறு வண்டிக்கு மாற 1,000 வெள்ளி வரை உதவி அறிவிக்கப்பட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து வந்தது காயத்துக்குப் பிறகுதான்.

2020 ஏப்ரலில் மின் ஸ்கேட்போர்டு, ஹோவர்போர்டு, ஒற்றைச் சக்கர வண்டி எல்லாவற்றுக்கும் அதே தடை வந்தது. அதுவும் சரிதான். பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகூட இல்லாத பலகையில் மோட்டாரோடு வருபவர் நடப்பவர்களுக்கு நடுவே என்ன செய்ய முடியும்? சைக்கிள் பாதையை 2030-க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக்குவது அரசின் இலக்கு. நல்ல இலக்கு. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: தடைக்கு ஓர் இரவு, பாதைக்குப் பத்து ஆண்டு!

மின்ஸ்கூட்டர்களை இனிமேல்தான் வரவேற்கப்போகும் நகரங்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் தனிப் பாதை. அதற்கு இடம் நடைபாதையில் அல்ல, காருக்குக் கொடுத்த அகலத்தில் கிடைக்கும். அதன் பிறகு வேக வரம்பு, பதிவு, அபராதம் என்று எவ்வளவு கண்டிப்பு வேண்டுமானாலும் காட்டலாம்.

"இங்கே ஓட்டாதே" என்பது பாதி விதி. "அங்கே ஓட்டு" என்பதும் சேர்ந்தால்தான் அது முழு விதி. பாதி விதியால் பாட்டிக்கு நிம்மதி கிடைத்தது, அது வேண்டியதுதான். ஆனால் அவருக்குச் சாப்பாடு கொண்டு வந்த பையனின் பிழைப்பைப் பறித்துத்தானா அந்த நிம்மதியைக் கொடுத்திருக்க வேண்டும்?