மூலையில் இருக்கும் குட்டிப் படம் உண்மை பேசட்டும்!



கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் படம் இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? நெட் இருக்கா இல்லையா என்று சொல்வதுதான் அதன் வேலை. அதை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

நெட் வராமல் போகப் பல காரணங்கள் உண்டு. கேபிள் கழன்றிருக்கலாம். கேபிள் சரியாக இருந்தும், மோடத்துக்கு வெளியே லைன் போயிருக்கலாம். முதலாவதை நாமே செருகிச் சரிசெய்யலாம். இரண்டாவதற்குப் போன் போட்டுப் புகார் சொல்லணும். இது எது என்று தெரியாவிட்டால் லேப் பீரியட் முழுக்க வீண்தான்!

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இரண்டு சின்ன கம்ப்யூட்டர் படம் இருந்தது. தகவல் போய் வரும்போது அந்தத் திரைகள் மினுக்கும். கேபிளைப் பிடுங்கினால் சிவப்புப் பெருக்கல் குறி விழும். ஆனால் வெளியே லைன் செத்திருந்தாலும் படம் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்! 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல், இணைப்பு இருந்தும் நெட் இல்லையென்றால் மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி காட்டினார்கள். இது நல்ல முன்னேற்றம்.

இந்தப் படத்துக்குப் பழைய அளவு 16க்கு 16, அதாவது மொத்தமே 256 புள்ளிகள். அதற்குள் உலக உருண்டை, கம்ப்யூட்டர், முக்கோணம் எல்லாவற்றையும் திணித்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நிறத்தை மட்டும் நம்புவதும் தப்பு. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே உண்டு. நிறத்தை மட்டும் வைத்துச் செய்தி சொல்லாதீர்கள் என்று டபிள்யூ3சி அமைப்பு 1999-லேயே வலைப்பக்கங்களுக்கு விதி எழுதியது. அது இந்தக் குட்டிப் படத்துக்கும் பொருந்தும்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் எப்படி நெட் இருப்பதைக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து ஒரு சின்ன எழுத்துக் கோப்பைக் கேட்டுப் பார்க்கும். வந்தால் நெட் இருக்கு! 2020-இல் விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்பில் இந்தச் சோதனை கெட்டு, நெட் இருந்தும் 'இல்லை' என்று பலருக்குக் காட்டியது. பிரௌசர் ஓடியது, ஆனால் அந்தச் சோதனையை நம்பிய சில மென்பொருள்கள் நெட் இல்லை என்று அடம் பிடித்தன. ஆகவே படம் அழகாக இருந்தால் போதாது, அது சொல்வதும் சரியாக இருக்கணும்.

"மவுஸை மேலே வைத்தால் எழுத்தில் வருமே?" என்று சிலர் கேட்கலாம். ஆறாம் வகுப்புத் தம்பி, தங்கைகளுக்கு அது தெரியுமா? பெரும்பாலும் அது ஆங்கிலத்தில்தானே வருது!

என் யோசனை இதோ, கீழே பென்சிலால் வரைந்திருக்கிறேன்:

1. கேபிள் கழன்றது: பிளக் தனி, துளை தனி.
2. லைன் இல்லை: பிளக் செருகியிருக்கு, மேலே கேள்விக்குறி.
3. எல்லாம் சரி: பிளக் செருகியிருக்கு, மேலே முழு வட்டம்.

நிறமே வேண்டாம். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், மூன்றும் வேறு வேறாகத் தெரிந்தால் பாஸ்!

சின்ன விஷயம்தானே என்று நினைக்காதீங்க. நெட் நின்றதும் 'நாமதான் எதையோ கெடுத்துட்டோம்' என்று பயந்து, சத்தமில்லாமல் எழுந்து போகிறவர்கள் நம் லேபிலேயே இருக்காங்க. அந்தப் பயத்தை ஒரு தெளிவான படம் போக்கிவிடும். இதைவிட நல்ல படம் உங்களுக்குத் தோன்றினால், வரைந்து பக்கத்தில் ஒட்டுங்கள்!

– பத்தாம் வகுப்பு மாணவி