தோற்றவருக்கும் ஒரு விதி வேண்டும்

குத்துச்சண்டையில் தலையில் அடிபட்டு வீழ்ந்து தோற்ற ஒருவர் குறைந்தது 30 நாட்களுக்கு மீண்டும் மேடையேற முடியாது. அடுத்த வாரமே பெரிய சுற்றுப்போட்டி இருந்தாலும், அவர் எவ்வளவு கெஞ்சினாலும் அனுமதி கிடையாது. குறுகிய காலத்தில் இரண்டாவது தடவை அப்படி வீழ்ந்தால் ஓய்வுக்காலம் இன்னும் நீளும். இதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை. குத்துச்சண்டை வீரர்களின் மூளைச் சிதைவைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இல் எழுதினார். அதன் பிறகு பல தசாப்தங்கள் கழிந்தே விளையாட்டுலகம் இந்த விதியை மனதார ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே மேடையில், அதே இரவில், அதே வீரரின் மனதுக்கு நேர்ந்ததைக் கவனிக்க எந்த விதியும் இல்லை. முடிவு அறிவிக்கப்பட்டதும் வென்றவரின் கை உயர்த்தப்படுகிறது. தோற்றவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அவருக்குப் பின்னர் என்ன ஆனது என்று கேட்பது எவருடைய கடமையாகவும் எழுதப்படவில்லை. சண்டை விளையாட்டுகளில் தோல்விக்குப் பின் வரும் மனச்சோர்வில் பெரும்பகுதியை அந்த விளையாட்டுகளின் அமைப்பே உண்டாக்குகிறது. ஆகவே அதைக் கவனிக்கும் பொறுப்பும் அமைப்பின் மேல்தான் இருக்க வேண்டும்.

இந்த விளையாட்டுகள் தோல்வியை எப்படிப் பங்கிடுகின்றன என்று பாருங்கள். ஓர் எடைப்பிரிவில் 16 பேர் பதிவானால், குத்துச்சண்டையில் 15 பேர் தோற்றுத்தான் மேடையை விட்டு இறங்குகிறார்கள். அவர்களில் எட்டுப் பேருக்கு ஒரேயொரு மோதலுடன் எல்லாம் முடிந்துவிடுகிறது. கிரிக்கெட்டில் ஓட்டமெதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தவருக்கும் அணி வென்றால் கிண்ணத்தில் பங்கு உண்டு. இங்கே பழியைப் பங்கிட்டுக்கொள்ள யாரும் இல்லை. இன்னொருவர் தோற்றவரின் உடலை அடக்கி வீழ்த்துவதை ஊரே பார்க்கிறது. அந்த உடலோ எடை குறைப்பதற்காக முந்திய நாட்களில் சோற்றையும் தண்ணீரையும் ஒறுத்த உடல். 1997இன் இறுதியில் அமெரிக்காவில் ஆறு வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். பட்டினியாலும் நீரிழப்பாலும் உறக்கமின்மையாலும் களைத்து, அடியும் வாங்கிய மூளைதான் அந்த இரவில் தோல்வியைத் தாங்க வேண்டியிருக்கிறது. தலையதிர்ச்சிக்குப் பின் மனச்சோர்வு வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதை மருத்துவம் நன்கு அறியும். இவ்வளவையும் ஓர் இளம் உடலின் மேல் ஏற்றிவிட்டு, மனத்திடம் போதவில்லை என்று அவரையே குறைசொல்வது அநியாயம்.

சான்றுகள் இல்லாமல் இதைச் சொல்லவில்லை. கலப்புச் சண்டையில் அதுவரை தோல்வியே காணாத ரோண்டா ரௌசி, 2015 நவம்பரில் மெல்பேர்ன் நகரில் 56,000க்கும் அதிகமானோர் முன்னிலையில் ஹோலி ஹோமிடம் வீழ்ந்தார். மூன்று மாதங்களின் பின் தொலைக்காட்சியில் பேசியபோது, அன்று மருத்துவ அறையில் இருந்தபடியே உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணியதாக வெளிப்படையாகச் சொன்னார். இந்த வெற்றிகள் இல்லாவிட்டால் நான் யார் என்ற கேள்விதான் அப்போது அவரை அழுத்தியது. தன் முழு அடையாளத்தையும் விளையாட்டிலேயே வைத்திருப்பவர் தோல்வியில் அதிகம் நொறுங்குவார் என்று 1993இலேயே உளவியலாளர்கள் பிரிட்டன் பிரூவரும் அவருடைய சகாக்களும் எச்சரித்திருந்தார்கள். கனடாவின் முன்னணி நீச்சல் வீரர்கள் 50 பேரிடம் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், முக்கிய போட்டிக்குப் பின் மூன்றில் ஒரு பங்கினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. தரவரிசையில் மிக உயர்ந்த கால்பங்கினரிடம் மனச்சோர்வு இன்னும் அதிகமாக இருந்தது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட கணக்கு, உயர்மட்ட விளையாட்டு வீரர்களில் ஏறத்தாழ 34 வீதத்தினரிடம் பதற்றத்தின் அல்லது மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்கிறது. அதே ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் குழுவும் உளநலம் குறித்து ஒரு பொது அறிக்கையை வெளியிட்டது. அடியை ஏற்றுப் பழகியவர்கள் மனதாலும் அசையமாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு இனி ஆதாரம் இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு வினேஷ் போகாட். 2021 ஓகஸ்ட்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 53 கிலோ மல்யுத்தப் பிரிவில் முதல்நிலை வீராங்கனையாகக் களமிறங்கி, காலிறுதியில் தோற்றார். சில நாட்களிலேயே இந்திய மல்யுத்தச் சம்மேளனம் ஒழுங்கீனம் என்று சொல்லி அவரைத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. தான் மனதளவில் உடைந்திருப்பதாகவும், எப்போது களத்துக்குத் திரும்புவேன் என்று தெரியவில்லை, திரும்பாமலேயும் போகலாம் என்றும் அவர் பத்திரிகையில் எழுதினார். மிகவும் பலவீனமான வாரத்தில் அவரைத் தாங்கியிருக்க வேண்டிய நிறுவனம், அந்த வாரத்திலேயே தண்டனைக் கடிதத்தை நீட்டியது. அதே வினேஷ் அடுத்த ஆண்டு ஓகஸ்ட்டில் பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றார். செப்டெம்பரில் பெல்கிரேட் உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப்போட்டி வரை வந்து, 100 கிராம் எடை கூடியதால் தகுதியிழந்தார். டோக்கியோவில் அவர் தோற்றது திறமை தீர்ந்துபோனதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது. மனச்சோர்வு வந்துபோகிற ஒரு நோய். அது இருக்கும் காலத்தில் ஒருவரைப் பற்றித் தீர்ப்பு எழுதக்கூடாது.

இவர்கள் எல்லாம் உலகப் புகழ் பெற்றவர்கள், வலய மட்டத்திலும் மாகாண மட்டத்திலும் மோதும் நம் பிள்ளைகளுக்கு அந்த அளவு அழுத்தம் ஏது என்று ஒருவர் கேட்கலாம். உண்மை தலைகீழாக இருக்கிறது. ரௌசிக்குத் தோற்ற பிறகும் பணமும் புகழும் மருத்துவ உதவியும் இருந்தன. இலங்கையின் குத்துச்சண்டை மேடையில் பெரும்பாலும் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளின் வீரர்களே முன்னிற்கிறார்கள்; தோற்றாலும் அவர்களுக்கு மறுநாள் சம்பளமும் பயிற்சிக்கூடமும் இருக்கும். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையின் ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து வரும் மாணவிக்கு அந்தப் பின்பலம் எதுவும் இல்லை. தேசிய மட்டச் சான்றிதழ்தான் அவளுக்குப் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ உதவக்கூடிய ஒரே கடதாசி. வயதுப்பிரிவு கடந்துவிட்டால் அடுத்த ஆண்டு என்ற ஒன்றே இல்லை. பெண்பிள்ளைக்குச் சண்டை எதற்கு என்று முன்பே முணுமுணுத்த உறவினர்களுக்குத் தோல்வி நல்ல சாட்டாகிவிடும். 2022 ஜனவரியில் முல்லைத்தீவின் குத்துச்சண்டை வீராங்கனை கணேஷ் இந்துகாதேவி லாகூரில் தங்கம் வென்றபோது தமிழ்ச் செய்தித்தாள்கள் முழுவதும் அவருடைய படம் வந்தது. அது நியாயமான பெருமை. ஆனால் வென்றால்தான் படம் என்பது தோற்ற பிள்ளைக்கும் தெரியும். போட்டி சிறிதாக இருக்கும் இடத்தில்தான் ஒரு தோல்வி பெரிதாக விழுகிறது.

மட்டக்களப்பில் இதைவிடக் கனமான ஒரு மறுப்பு எழும். மூன்று தசாப்தப் போரையும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்ட மண் இது; நாவலடியிலும் கல்லடியிலும் குடும்பம் குடும்பமாக இழந்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள்; ஒரு பந்தயத்தில் தோற்றதற்கா இவ்வளவு என்று மூத்தவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வியை மரியாதையோடுதான் எதிர்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது அனுபவத்திலிருந்து வருவது. ஆனால் அந்தப் பேரிழப்புகள் நமக்குக் கற்றுத்தந்தது வேறு. துயரத்தை மனத்திடத்தால் மட்டும் கடக்க முடியாது என்று கண்டதால்தான் மட்டக்களப்பில் உளநலச் சேவை வைத்தியசாலைச் சுவர்களைத் தாண்டிக் கிராமங்களுக்குப் போனது. உளமருத்துவர் மகேசன் கணேசன் போன்றவர்கள் போர்க்காலத்திலேயே இங்கு அந்தப் பணியைத் தொடங்கினார்கள். மேலும், பேரிழப்பைச் சுமந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தாங்கும் சக்தி கூடுதலாக இருக்கும் என்று கணக்கிடுவது தவறு. தகப்பன் இல்லாத வீட்டில் அந்தப் பிள்ளையின் வெற்றி முழுக் குடும்பத்தின் நம்பிக்கையாகிவிடுகிறது. தோற்றால் அவர்கள் எல்லோரையும் ஏமாற்றிவிட்டேன் என்று அவன் நினைக்கிறான். பெரிய துக்கத்தை அளவுகோலாக வைத்துச் சின்னத் துக்கத்தை அளந்தால், பிள்ளைகள் தங்கள் துக்கத்தை மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

தோல்வியைத் தாங்கப் பழக்குவதுதானே விளையாட்டு, எல்லாவற்றுக்கும் ஆறுதல் சொன்னால் போராட்டக் குணம் மழுங்கிவிடாதா என்பது பயிற்றுவிப்பாளர்களின் கவலை. தோற்றவர் அழட்டும், இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும்; அது நோயல்ல, அதைத் தடுக்கவும் வேண்டாம். இரண்டு வாரங்களுக்கு மேலாகியும் உறக்கமும் பசியும் திரும்பாமல், விரும்பிய எதிலும் நாட்டமில்லாமல், தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் நிலைத்துவிட்டால் அதற்கு மருத்துவம் தேவை. இந்த இரண்டையும் பிரித்தறியும் கண் யாருக்காவது இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. உயிராபத்தான எண்ணம் பெரும்பாலும் ஒரு குறுகிய காலத்தில் உச்சமடைந்து தணிவது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 ஆக, உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இலங்கையர் திடீரென மனத்திடம் பெற்றதால் அப்படி நடக்கவில்லை. கொடிய பூச்சிகொல்லிகளை அரசு தடைசெய்ததே முக்கிய காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நெருக்கடியான அந்தச் சில மணித்தியாலங்களை, சில நாட்களைக் கடக்க வைத்தால் உயிர் மிஞ்சும் என்பதை இந்த நாடு தன் அனுபவத்திலேயே நிரூபித்திருக்கிறது.

பணத்துக்கும் ஆளுக்கும் எங்கே போவது என்பது கடைசி மறுப்பு. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்களே நாட்டை விட்டுப் போகும்போது விளையாட்டு உளவியலாளரை யார் நியமிப்பார்கள்? யாரையும் புதிதாக நியமிக்க வேண்டியதில்லை. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பல செயலகங்களில் அதே கட்டடத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார். பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு, தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் என எல்லாம் இருக்கின்றன. இவர்களை ஒருவரோடொருவர் இணைக்கும் ஒரு விதிதான் இல்லை. கிழக்கு மாகாண விளையாட்டுத் திணைக்களமும் வலயக் கல்வி அலுவலகங்களும் சுற்றுப்போட்டிக்கு அனுமதி கொடுக்கும் படிவத்திலேயே அதைச் சேர்க்கலாம். தோற்ற ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு நாட்களுக்குள் பயிற்றுவிப்பாளர் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பில் ஆட்டத்தின் பிழைகளைப் பேசக்கூடாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை உறக்கம், சாப்பாடு, பாடசாலை வரவு, நண்பர்கள் பற்றி விசாரிக்க வேண்டும். உயிர் வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என்றும் நேரடியாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்பது பாரத்தைக் குறைக்கிறது என்பதே ஆய்வுகள் சொல்வது. கவலைக்கிடமான பதில் வந்தால் அன்றே வைத்தியசாலைக்கு வழிகாட்ட வேண்டும். தோற்ற எல்லோருக்கும் இது பொதுவாக நடந்தால், மனநோயாளி என்ற முத்திரை எந்தப் பிள்ளையின் மேலும் விழாது.

இந்த ஊருக்கு இது அந்நியமான எண்ணமும் அல்ல. நகரின் மைதானம் தாங்கி நிற்பது யேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரை. அவரைப் போல், பிள்ளையை வளர்ப்பதற்காகவே விளையாட்டைக் கற்பித்த ஆசிரியர்களை மட்டக்களப்பு முன்பே கண்டிருக்கிறது. அந்தப் பொறுப்பு நல்ல மனம் படைத்த சிலரின் தனிக்குணமாக நின்றுவிடாமல், எல்லோரையும் கட்டுப்படுத்தும் நடைமுறையாக வேண்டும். மாவட்டங்கள் ஆண்டுதோறும் தங்கள் பதக்கங்களை எண்ணி அறிக்கை வெளியிடுகின்றன. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் வரட்டும்: முதல் சுற்றில் தோற்றவர்களில் எத்தனை பேர் மூன்று மாதங்களின் பின்னும் பயிற்சிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்? அந்த எண்ணைச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்த நாளிலிருந்து, தோற்ற பிள்ளையின் வீட்டுக்கு மாஸ்டர் போகாமல் இருக்க முடியாது.