படபடப்புக்கு மனம் மட்டுமா காரணம்?

"படபடப்பெல்லாம் பதற்றத்தால் வருவதே, மனதை அமைதியாக்கினால் அடங்கிவிடும்" என்ற வாதத்தில் பாதிதான் உண்மை. பதற்றம், காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவற்றில் துடிப்பு படிப்படியாக ஏறிப் படிப்படியாகவே இறங்கும். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு, சுவிட்சைத் தட்டியதுபோல் துடிப்பு நிமிடத்துக்கு 180க்குத் தாவி, பிறகு சட்டென்று நின்றால், அதற்கு மனதைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் அது மின்தூண்டல் இதயத்துக்குள் ஒரு வளையத்தில் சிக்கிச் சுற்றுவதன் அடையாளம். பயம் அதற்குப் பிறகு வருகிறது. விளைவையே காரணமாக்கி, குறிப்பாகப் பெண்களை, பதற்ற மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவது அநியாயம்.

"ஈசிஜி சரியாகத்தானே இருந்தது?" என்பார்கள். துடிப்பு அடங்கியபின் எடுத்தால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். படபடக்கும்போதே எடுக்க வேண்டும். மூச்சால் அடங்குகிறதே என்பதும் பதற்றத்துக்குச் சான்றாகாது. 2015இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வில், இத்தகைய படபடப்போடு வந்து, 15 நொடி முக்கி ஊதியதும் படுக்கவைக்கப்பட்டுக் கால்கள் உயர்த்தப்பட்டவர்களில் 43 சதவீதத்தினருக்குத் துடிப்பு சீரானது. கால்களை உயர்த்தாமல் ஊத மட்டும் செய்யும் வழக்கமான முறையில் 17 சதவீதத்தினருக்கே. அங்கே வேலை செய்தது மன அமைதி அல்ல, இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு. அதற்கும் அடங்காதவர்களுக்கு அடினோசின் ஊசி உண்டு. அடிக்கடி வந்தால், அந்த வளையத்தையே சுட்டு அறுக்கும் அப்லேஷன் சிகிச்சை உண்டு. மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால், வீட்டில் எதையும் முயன்று பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.