பெட்டியிலே உறுதி, பற்றையிலே காணி!

"வன்னிக்குப் போய் நாம் செய்வது என்ன?"

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் இன்று எழும் வினா இது. தந்தையார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மாடிவீட்டு வாடகையோ ஏறிக்கொண்டே போகிறது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பாட்டனார் காடு வெட்டித் திருத்திய காணி கிடக்கிறது. போவோமா, இருப்போமா? மாதங்கள் கழிகின்றன, ஆண்டுகள் கழிகின்றன, முடிவு மட்டும் பிறப்பதில்லை. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்!

இஃது அவரவர் குடும்ப விடயம், இதிற் பிறர் தலையிடலாகாது என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. 'எங்கள் நிலம், எங்கள் உரிமை' என்று மேடையிலே முழங்குவோரிலும், அம்முழக்கத்துக்குக் கைதட்டுவோரிலும் கொழும்புவாசிகள் எத்தனை பேர்! நிலம் எவருடையது என்னும் வினாவுக்குச் சட்டம் கூறும் விடையை இவர்கள் அறிவார்களா? புதுக்கடை நீதிமன்றங்களிலே இருபது ஆண்டுகள் வாதாடிய நாம் அதனை எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவது, தனியார் காணி. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியை உரிமையாளருக்கு எதிராகப் பத்தாண்டுகள் இடையறாது ஆண்டவர் அதனைத் தமதென்று நிலைநாட்டலாம். போரினால் நீதிமன்றம் செல்ல இயலாதிருந்தோரைக் காக்க 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது உண்மை. ஆனால் அது கணக்கிலெடுத்த காலம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையே. அதன் பின் பத்தாண்டு 2019 மே மாதத்தோடு நிறைந்துவிட்டது! கொழும்பிலே உறுதியைப் பெட்டியிற் பூட்டி வைத்துக்கொண்டு நித்திரை செய்வோர் இக்கணக்கைப் பார்த்தார்களா?

பிறரைச் சாடுமுன் நம்மைச் சாடிக்கொள்கிறோம். வவுனியாவின் வடக்கே நமது பாட்டனார் விட்டுச் சென்ற வயலிற் பாதி இன்று நமதன்று. போர் முடிந்ததும் அயலவர் ஒருவர் உழத் தொடங்கினார். 'பிறகு பார்க்கலாம்' என்றிருந்தோம். வழக்கு வைத்தபோது காலங் கடந்துவிட்டது. ஊராரின் வழக்கை வென்று கொடுத்த நாம் நம் வழக்கிலே தோற்றோம். அவரை நாம் குறைகூறோம். அவர் உழுதார், நாம் உழவில்லை.

இரண்டாவது, 'பேமிற் காணி' என்று மக்கள் வழங்கும் அரச அனுமதிக் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் திருத்திப் பயன்கொள்வோருக்கே அதனை அளிக்கிறது. நிபந்தனை மீறினால் அனுமதி நீங்கும்.

மூன்றாவது, அரசாங்கத்தின் கை. 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானியை மறந்துவிட்டோமா? முல்லைத்தீவு, கிளிநொச்சி உட்பட வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு மூன்று மாதத்துள் உரித்தைக் காட்டவேண்டும், இன்றேல் அது அரச காணியாகும் என்றனர். மக்களின் எதிர்ப்பும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையும் அன்று காத்தன. நாளை மற்றொரு வர்த்தமானி வரின், அதனை முதலிற் கண்டு குரல் எழுப்ப ஊரிலே ஆள் வேண்டாமா?

நான்காவது, வாக்கு. அரசியலமைப்பின் 98 ஆம் உறுப்புரை ஆசனங்களைப் பதிவு பெற்ற வாக்காளரின் தொகை கொண்டே பங்கிடுகிறது. கிளிநொச்சியும் அடங்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் ஒன்பது ஆசனங்கள். 2015 இல் ஏழு. 2024 இல் ஆறு. இந்த மூன்றையும் எவரும் துப்பாக்கி காட்டிப் பறிக்கவில்லை. போரிலே மாண்டவரையும் கடல் கடந்தவரையும் திருப்பி அழைக்க நம்மால் இயலாது. வெள்ளவத்தையில் இருப்பவருமா வர இயலாது?

'வன்னி காடு' என்கின்றனர். ஆம், காடுதான். யாழ்ப்பாணத்திலே சன நெருக்கமும் வேலையின்மையும் மிகுந்தபோது, இரணைமடு நீரை நம்பி 1936 இல் தொடங்கிய குடியேற்றமே கிளிநொச்சி நகரைப் பெற்றது. 1977 வன்செயலின்பின் மலையகத் தமிழர் உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தனர். அவர்களைக் குடியமர்த்தக் காந்தியம் இயக்கத்தை நடத்தியவர்கள் யாவர்? கட்டடக்கலைஞர் டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம். வசதி தேடின் எந்நகரிலும் வாழ்ந்திருக்கக்கூடியவர்கள். இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். 2012 இல் மெனிக் பாம் முகாம் மூடப்படும்வரை படிப்படியாக ஊர் திரும்பியவர்களிடம் இருந்தவை யாவை? சில தகரங்களும் ஒரு மண்வெட்டியும்! இவர்களெல்லாம் 'என்ன செய்வது?' என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

குறைகளை மறைத்து எவரையும் அழைக்க நாம் விரும்பவில்லை. வருவாய் குறையும். விசேட வைத்தியரைக் காண யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ செல்லவேண்டி வரும். இராணுவம் பிடித்த காணி முழுவதும் இன்னும் விடுபடவில்லை. மாகாண சபையோ 2018 ஒக்ரோபரில் கலைந்த பின் கூடவேயில்லை. ஆனால் 1990 இல் நின்ற புகையிரதம் 2013 இல் கிளிநொச்சிக்குத் திரும்பிவிட்டது. அறிவியல் நகரிலே பொறியியலும் விவசாயமும் கற்பிக்கின்றனர். 2021 முதல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. எஞ்சிய குறைகளைக் கேட்டுப் பெறுவது எவர்? குறையை அனுபவிப்பவன் கேட்டாலன்றோ அரசு செவிசாய்க்கும்!

ஒன்று மட்டும் எச்சரிக்கை. வன்னிக்கு வாருங்கள் என்றோம். வன்னியை வாங்குங்கள் என்றோமில்லை. ஏ-9 வீதியோரம் காணி வாங்கி, வேலியடைத்துப் பூட்டிட்டு, விலை ஏறட்டும் என்று கொழும்புக்கும் கனடாவுக்கும் திரும்புவோர் குடியேறிகளல்லர், வியாபாரிகள். அந்த வேலிக்கு அப்பால், 1977 இல் வந்தவரின் பேரப்பிள்ளைகள் பலர் கையிலே ஒரு துண்டுக் கடதாசியுமின்றி வாழ்கின்றனர். அவர்களுக்கு உறுதி பெற்றுக் கொடுக்கச் சட்டத்தரணிகள் வேண்டும், அவர்தம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேண்டும், வைத்தியர் வேண்டும். பூட்டும் சங்கிலியும் வேண்டாம்.

தலைவர்களுக்கும் ஒரு சொல். வன்னியிலே வாக்குக் கேட்போர் வன்னியிலே குடியிருக்கட்டும். தேர்தலுக்கு ஒரு மாதம் வாடகைக்கு வீடெடுப்பது குடியிருப்பாகாது.

நம் வீட்டிலும் இந்த வினா மூன்றாண்டுகள் நின்றது. முதிய தாயாரின் வைத்தியம், மகளின் படிப்பு, கொழும்பிலே சேர்த்த கட்சிக்காரர் என்று மாறி மாறிக் காரணம் கூறினோம். எல்லாம் உண்மையான காரணங்களே. எதுவும் போதிய காரணமன்று. 'செத்தால் ஊரிலே கொண்டுபோய் எரிப்பீர்கள். உயிரோடு இருக்கும்போதே கொண்டுபோனால் ஆகாதா?' என்று தாயார் கேட்டார். அதற்கு நம்மிடம் மறுவாதம் இருக்கவில்லை.

வருகின்ற தை மாதம் வவுனியாவிலே நமது அலுவலகம் திறக்கும். எஞ்சியிருக்கும் பாதி வயலை நாமே உழுவிப்போம்.

போவோமா, இருப்போமா என்று தயங்கும் அன்பர்களே! காலம் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பத்தாண்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.